பணியும் படிப்பும் ஒரே கூரையின் கீழ்

ஈராண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், எம் பங்கைச் சேர்ந்த கணவன் மனைவி இருவர் என்னைக் காண வந்தனர். மனைவி அரசு மருத்துவமனை ஒன்றில் 14 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிபவர். கணவர் கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தர். பத்தாம் வகுப்பில் பயிலும் மகள், ஆறாம் வகுப்பில் பயிலும் மகன், கணவரின் வயது முதிர்ந்த தாய் ஆகியோர் அடங்கியது அவர்களுடைய குடும்பம். வந்தவர்கள் சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தனர். பிறகு கணவரே தொடங்கினார்.

"சாமி, இவள் மறுபடியும் படிக்கப் போகிறாளாம். நர்சிங் மேற்படிப்பாக இருந்தாலும் பதவி உயர்வு கிடைக்கும் என்று சொல்லலாம். இது பத்திரிகைக்காரர்கள் படிக்கிற படிப்பாம். நாற்பது வயதில் இது தேவையா என்று நீங்களே கேளுங்கள்."

நான் அவ்வம்மையாரை நோக்கினேன். அவர் தயங்கியவாறே கூறியது இது: "ஒரு பெரியவர் சர்க்கரை நோய்க்கு எங்களிடம் மருந்து வாங்கி வந்தார், சாமி. சோற்றைக் குறையுங்கள் என்று வரும்போதெல்லாம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். சொன்னபடி சோற்றை விட்டும் விட்டார். ஆனால் மூன்று வேளையும் கஞ்சி குடித்திருக்கிறார். கஞ்சியும் அரிசிதானே என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் காலில் புண்ணோடு வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான் சொன்னேன், அவர் கேட்டார். ஆனால் சொன்னது போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று நான் தெரிந்துகொள்ள வேண்டாமா?"

அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. "ஒரு வாரம் பொறுத்து வாருங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டு, அப்படிப்பைப் பற்றி அறிந்தோரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் சில செய்திகளைத் தெரிந்துகொண்டேன். இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இதே கேள்வி எழுகின்றது. ஆசிரியர், வங்கி ஊழியர், தொண்டு நிறுவனப் பணியாளர் எனப் பலரும் வேலையில் இருந்துகொண்டே தொடர்பியலில் முதுகலைப் பட்டம் பெற விழைகின்றனர். ஆகவே நான் அறிந்தவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது நலம் எனக் கருதுகின்றேன்.

தொடர்பியல் என்பது யாது?

இப்படிப்பு செய்தியாளர்களுக்கு மட்டுமே உரியது என்று கருதுவது பொதுவான பிழை. செய்தி எழுதுதல், வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம் ஆகியவை அதன் பகுதிகளே. ஆயினும் அதன் வேர் வேறிடத்தில் உள்ளது. ஒருவர் கூறுவது மற்றவரை எவ்வாறு சென்றடைகின்றது, அல்லது ஏன் சென்றடைவதில்லை என்னும் கேள்வியே அவ்வேர். ஹரால்டு லாஸ்வெல் என்னும் அமெரிக்க அறிஞர் 1948-இல் இதனை ஐந்து வினாக்களாக வகுத்தார். கூறுபவர் யார், கூறுவது என்ன, எவ்வழியாக, யாருக்கு, அதனால் விளைந்தது என்ன என்பனவே அவை. நம் செவிலியர் முதல் நான்கையும் முறையாகச் செய்திருந்தார். ஐந்தாவதை அவர் அறியுமுன் காலம் கடந்துவிட்டது.

இத்துறையில் முதுகலை பயிலும் மாணவர்கள் கற்கும் ஆய்வுகளுள் ஒன்று, நம் செவிலியரின் அனுபவத்துக்கு மிக நெருங்கியது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் லாஸ் மோலினாஸ் என்னும் சிற்றூரில் சுமார் 200 குடும்பங்கள் வாழ்ந்தன. குடிநீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு அவ்வூர்ப் பெண்களுக்கு எடுத்துரைக்கச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஈராண்டுகள் அவர் வீடு வீடாகச் சென்றார். ஆயினும் அவருடைய சொல்லால் நீரைக் காய்ச்சத் தொடங்கிய குடும்பங்கள் 11 மட்டுமே.

காரணம் யாது? அவ்வூர் மக்கள் உணவுப் பொருள்களைச் சூடு என்றும் குளிர்ச்சி என்றும் பிரித்திருந்தனர். காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது என்பது அவர்களது வழிவழி வந்த எண்ணம். நலமுடன் இருப்பவர் அதனைப் பருகுவது அவர்களுக்கு ஒவ்வாத செயலாயிற்று. பணியாளரோ கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிப் பேசினார். அவர் கூறியது அறிவியல் உண்மையே. ஆனால் கேட்டவர்களின் உள்ளத்தில் அதற்கு இடமில்லை. மேலும், அப்பெண்கள் யாருடைய சொல்லை மதித்தனரோ அவர்களை அவர் அணுகவும் இல்லை. எட்வர்ட் வெலின் என்பவர் 1955-இல் வெளியிட்ட இவ்வாய்வு, எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் எழுதிய நூலின் வழியே உலகெங்கும் மாணவர்களைச் சென்றடைந்தது. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரித்துப் பழகிய நமக்கு இது விளக்கம் வேண்டாத கதை அன்றோ!

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2009-ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 குழந்தைகள் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டனர். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சொட்டு மருந்தைப் பற்றிப் பல வதந்திகள் உலவின. அது பிள்ளைப் பேற்றைத் தடுக்கும் என்று அஞ்சிய பெற்றோர் பலர் கதவை அடைத்தனர். விளம்பரப் பலகைகளும் புகழ் பெற்ற நடிகர்களின் வேண்டுகோளும் பயன் தந்தன. எனினும் அவை மட்டும் போதவில்லை. அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்களைத் தேர்ந்து, பயிற்சி அளித்து, அண்டை வீட்டாரிடம் மீண்டும் மீண்டும் பேசச் செய்தனர். 2011 சனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு ஏற்பட்டதே நாட்டின் கடைசி நிகழ்வு. 2014 மார்ச் 27-இல் இந்தியாவுக்கு அந்நோய் நீங்கிய சான்று வழங்கப்பட்டது. மருந்து நெடுங்காலமாக இருந்தது. அதனை ஏற்கச் செய்த சொல்லையும் தேடிக் காண வேண்டியிருந்தது. அச்சொல்லைத் தேடும் கல்வியே தொடர்பியல்.

வேலையை விடாமல் பயிலும் வழி

"செவிலியர் முதுகலையே பயிலலாமே" என்று கணவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அது கல்லூரியில் ஈராண்டுகள் முழு நேரமும் பயில வேண்டிய படிப்பு. சம்பளத்தையும் பிள்ளைகளையும் விட்டுச் செல்ல அவரால் இயலாது. தொடர்பியலையோ வீட்டிலிருந்தே பயில வழி உண்டு.

இவ்வழி புதிதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இலேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதே வழியில் அடியெடுத்து வைத்தது. பகலில் பணிமனையிலும் இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியிலும் இருந்து பட்டம் பெற்ற தந்தையர் பலர் நம் பங்குகளில் இன்றும் உள்ளனர். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் வெகுஜனத் தொடர்பியல் முதுகலைக்கு ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் பெற்றிருப்பது போதும். குறைந்த காலம் இரண்டு ஆண்டு. முடிக்க இயலாதோர்க்கு நான்கு ஆண்டு வரை இடம் உண்டு. சூனிலும் திசம்பரிலும் தேர்வுகள் நடைபெறும். மதிப்பெண்களில் 70 விழுக்காடு தேர்வுக்கும், 30 விழுக்காடு வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் உரியவை.

தொலைநிலையில் பெற்ற பட்டம் மதிப்பில் தாழ்ந்தது என்னும் எண்ணம் இன்னும் சிலரிடம் உண்டு. முறையான ஏற்பு பெற்ற பல்கலைக்கழகங்கள் தொலைநிலையிலும் இணைய வழியிலும் வழங்கும் பட்டங்கள், நேர்முறையில் பெறும் பட்டங்களுக்கு நிகரானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் மீண்டும் தெளிவுபடுத்தியுள்ளது.

மணிக்கணக்கைப் பார்ப்போம்

பலரும் சேருமுன் பணத்தைக் கணக்கிடுகின்றனர், காலத்தைக் கணக்கிடுவதில்லை. இடர் தொடங்குவது அங்கேதான். திறந்தநிலைக் கல்வியில் படிப்பின் அளவைக் 'கிரெடிட்' என்னும் அலகால் கூறுவர். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம். ஒரு முதுகலைப் படிப்பு 64 கிரெடிட் கொண்டது என எடுத்துக்கொண்டால், மொத்தம் 1,920 மணி நேரம் ஆகின்றது.

ஈராண்டுகளில், அதாவது 104 வாரங்களில் இதனை முடிக்க வேண்டுமாயின், வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தேவை. மாறி மாறி இரவுப் பணியும் பகற்பணியும் பார்க்கும் ஒரு தாய்க்கு இது எங்கிருந்து கிடைக்கும்? வாரத்துக்குப் பத்து மணி நேரமே இயலும் எனில் 192 வாரங்கள் ஆகும். ஏறத்தாழ மூன்று ஆண்டு எட்டு மாதம். நான்கு ஆண்டு என்னும் எல்லைக்குள் அது அடங்கிவிடுகின்றது. ஆகவே, "இரண்டே ஆண்டில் முடித்துக் காட்டுவேன்" என்று சூளுரைத்து ஆறாம் மாதத்தில் சோர்ந்து விடுவதினும், "நான்கு ஆண்டில் நிதானமாக முடிப்பேன்" என்று தொடங்குவதே அறிவுடைமை. படிப்பைப் பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். பாடம் கடினம் என்று கூறுவோர் அவர்களுள் சிலரே. நேரம் கிட்டவில்லை என்பதே பெரும்பாலோர் குறை.

சேருமுன் ஆராய வேண்டியவை

முதலாவது, ஏற்பு. பல்கலைக்கழகம் பெயர் பெற்றதாயிருப்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த, குறிப்பிட்ட அந்தக் கல்வியாண்டுக்கு மானியக் குழு இசைவு அளித்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையத்தளத்தில் இப்பட்டியலை வெளியிடுகின்றது. பிற மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் பலகையில் எழுதிக் கடைவீதியில் அமர்ந்திருப்போரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, மொழி. இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழில் பயின்று வந்தோர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் பல இ-ஞானகோஷ் என்னும் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பணம் கட்டுமுன் ஒரு பாடத்தின் முதல் அலகைப் படித்துப் பாருங்கள். நள்ளிரவிலும் உறங்க விடாமல் ஈர்க்கின்றதா, அல்லது ஐந்தாம் பக்கத்திலேயே கண்ணைச் சுழற்றுகின்றதா என்பது அப்போது விளங்கும்.

மூன்றாவது, அலுவலக இசைவு. அரசுப் பணியில் இருப்போர் உயர்கல்விக்கு முன் அனுமதி பெற வேண்டுமா என்பதைத் தத்தம் துறை விதிகளில் பார்த்து, எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். பட்டம் பெற்ற பிறகு பணிப்பதிவேட்டில் அதனைச் சேர்க்கும்போது எழும் சிக்கல்கள் இதனால் நீங்கும்.

நான்காவது, எதிர்பார்ப்பு. இப்பட்டம் தானாகவே பதவி உயர்வு தந்துவிடாது. தொலைநிலையில் பயின்றதால் மட்டும் ஒருவர் ஒளிப்பதிவாளரோ படத்தொகுப்பாளரோ ஆகிவிடுவதும் இல்லை; அவை கையால் பழக வேண்டிய தொழில்கள். கேட்பவரின் உள்ளத்தை அறிந்து பேசவும் எழுதவும், பேசியது பயன் தந்ததா என்று அளந்து பார்க்கவும் இது கற்பிக்கும். அது தம் பணிக்கு வேண்டுவதா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஐந்தாவது, நேர்மை. முன்பு ஒப்படைப்புகளை விலைக்கு எழுதித் தருவோர் இருந்தனர். இன்று கணினியே நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தருகின்றது. களைத்து வந்த இரவில் அச்சோதனை பெரிது என்பதை நான் அறிவேன். ஆயினும், பிறருக்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்று கற்க வந்தவர், எடுத்துரைக்கும் பணியையே இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் எஞ்சுவது என்ன? சுவரில் மாட்டிய சான்றிதழ் மட்டுமே.

பணியே பாடசாலை

வேலையில் இருந்துகொண்டு பயில்வது குறைபாடு என்று பலர் எண்ணுகின்றனர். தொடர்பியலைப் பொறுத்தவரை அது பெரும் பேறு என்பேன். இளம் மாணவர் நூலில் மட்டும் காண்பதை, பணியில் இருப்பவர் நாள்தோறும் கண்ணெதிரே காண்கின்றார்.

முன்னர்க் கூறிய எவரெட் ரோஜர்ஸின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் 1931-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை புதிய இயந்திரங்களை விரும்பி ஏற்றார். ஆனால் புதிய வீரிய மக்காச்சோள விதையை மட்டும் எட்டு ஆண்டுகள் மறுத்து வந்தார். 1936-இல் கடும் வறட்சி வந்தது. அண்டை நிலத்தில் வீரியப் பயிர் நிமிர்ந்து நிற்க, தந்தையின் பயிர் வாடிச் சாய்ந்தது. அதன் பின்னரே அவர் மனம் மாறினார். நல்லதென்று தெரிந்தும் மக்கள் ஏன் தயங்குகின்றனர் என்பது பின்னாளில் அம்மகனின் வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்தது, தந்தையின் வயலில் சிறுவயதிலேயே அவர் கண்டதைத்தான்.

நம் செவிலியரும் தம் கேள்வியை மருத்துவமனையிலிருந்தே கொண்டு வந்தார். அத்தகையோர் ஒப்படைப்புக்கும் ஆய்வுக்கும் தம் பணியிடத்திலிருந்தே பொருளைத் தேர்ந்தால், ஒரே உழைப்பு இரு பயன் தரும். எனினும் ஓர் எச்சரிக்கை. நோயாளியின் செய்தியும், வாடிக்கையாளரின் கணக்கும், மாணவரின் குடும்ப நிலையும் நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. உரியவரின் ஒப்புதலும் மேலதிகாரியின் இசைவும் இன்றி அவற்றை ஆய்வேட்டில் எழுதுதல் தகாது.

விலை கொடுப்போர் யார்?

இனி, இக்கட்டுரையில் நான் முதன்மையாகக் கூற விரும்பியதற்கு வருகின்றேன். வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று மேலே கணக்கிட்டோம். அந்தப் பத்து மணி நேரமும் வீட்டில் ஒருவருக்கு உரியதாய் இருந்தது. மகளோடு பேசியிருந்த நேரம். மாமியாருக்குக் கால் பிடித்துவிட்ட நேரம். கணவனும் மனைவியும் திண்ணையில் அமர்ந்திருந்த நேரம். பட்டத்தில் ஒருவர் பெயரே பொறிக்கப்படும். அதற்குரிய விலையையோ வீட்டார் அனைவரும் செலுத்துகின்றனர்.

இதனைக் கூறாமல் மறைப்பதால் விளையும் கேடு பெரிது. மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு தொடர்புகொள்கின்றனர் என்பதை அறையைச் சாத்திக்கொண்டு பயிலும் ஒருவர், அறைக்கு வெளியே தம் பிள்ளை பேசாமற் போனதை அறியாதிருப்பாராயின், அதனினும் வருந்தத்தக்கது உண்டோ? இதற்கு மாறாக, "இது குடும்பப் பொறுப்புக்கு ஏற்றதன்று" என்று ஒரே சொல்லில் தடுத்துவிடுவதும் அநீதியே. அதிலும் படிக்க விழைபவர் மனைவியாயின் இத்தடை எளிதாக எழுகின்றது. கணவர் மேற்படிப்புப் படித்தால் வீடே ஓசையடங்கி நடக்கின்றது. மனைவி படித்தால் அடுப்பு காத்திருக்கின்றது. இது நேர்மையா என்று நம் ஆடவர்கள் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு வாரம் கழித்து அத்தம்பதியர் மீண்டும் வந்தபோது, "படி" என்றோ "வேண்டாம்" என்றோ நான் கூறவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, வாரத்தின் 168 மணி நேரத்தையும் இருவருமாக அமர்ந்து எழுதச் சொன்னேன். பணி, பயணம், உறக்கம், சமையல், பிள்ளைகள், முதியவர் என எல்லாவற்றையும் எழுதிய பின், பத்து மணி நேரம் எங்கிருந்து வரும், அதனை யார் ஈடு செய்வார் என்று பிள்ளைகளையும் பாட்டியையும் உடன் வைத்துக்கொண்டு பேசுமாறு கூறினேன். அத்தாளை எழுதி முடித்தபோதுதான், தம் மனைவி நாள்தோறும் ஐந்தரை மணி நேரமே உறங்குகின்றார் என்பதைக் கணவர் முதன்முதலாக அறிந்ததாகப் பின்னர்க் கூறினார். பதினேழு ஆண்டு மணவாழ்க்கையில் அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை!

அவர்கள் முடிவு செய்துகொண்டது இது: சனிக்கிழமை மாலையும் ஞாயிறு பிற்பகலும் தாயின் படிப்பு நேரம். அவ்விரு வேளையும் சமையல் கணவரையும் மகளையும் சேர்ந்தது. மகளின் பொதுத் தேர்வு முடியும் வரை தொடங்குவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாம் இனிதே நடந்தன என்று எழுத எனக்கும் விருப்பமே. ஆனால் முதல் தேர்வின்போது பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு தாள்களுள் இரண்டை மட்டுமே அம்மையார் எழுதினார். ஒன்றில் தேர்ச்சி பெறவில்லை. "நிறுத்திவிடலாம் சாமி" என்று கண் கலங்கினார். "அடுத்த தேர்வு திசம்பரில் இருக்கிறதே" என்று அவருக்கு நினைவூட்டியவர், முன்பு எதிர்த்த கணவரே.

இப்போது அவர் பாதி தூரம் கடந்துள்ளார். அவர் பணிபுரியும் பிரிவில் ஒரு சிறிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. சர்க்கரை நோயாளிக்கு உணவு முறையைக் கூறும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வரச் சொல்கின்றார். தாம் கூறி முடித்ததும், "நாளைக் காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கின்றார். விடையில் கஞ்சி வருமாயின், அங்கிருந்து மீண்டும் தொடங்குகின்றார்.

நம் குடும்பங்களில் இவ்வாசை கொண்டோர் இருப்பின், அவர்களைத் தடுக்கவும் வேண்டாம். தனியே விடவும் வேண்டாம். ஒரு தாளை எடுத்து வாரத்தின் நேரத்தை எல்லாரும் கூடி எழுதுங்கள். அதனை மறைக்காமல் பேசித் தீர்க்க வல்ல இல்லம், தொடர்பியலின் முதற்பாடத்தை விண்ணப்பம் போடுமுன்னரே கற்றுக்கொண்டதாகும்.